தொண்ணூற்றொன்றாம் கட்டத்தில் யாரும் விழவில்லை

மொஹ்சின் கிரிவலப் பாதையில் ஒரு தடவைகூட நடந்ததில்லை. ஆனால் அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் எத்தனை மின்கம்பம், எந்த இடத்தில் சிறுபாலம், எந்தத் திருப்பத்தில் சாலை எத்தனை மீட்டர் அகலம் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார். மாதம் தவறாமல் நடக்கிறவர்களுக்குத் தெரியாததெல்லாம் நடக்காத இந்த மனிதருக்குத் தெரியும். போகக்கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் போனதில்லை. ஊரில் இப்படிப் பல விஷயங்கள் யாரும் சொல்லாமலே ஒழுங்காக நடக்கின்றன.

வேங்கிக்காலில், புது வீடுகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், வரைபடம் போட்டுத் தரும் சின்ன நிறுவனம் ஒன்று இருக்கிறது. மொஹ்சின் அங்கே பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக ஊழியர். வயது நாற்பத்து மூன்று. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். பஞ்சர் எங்கே என்று டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் கண்டுபிடிப்பார். மகன் கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்கிறார் என்று சொன்னால் மொஹ்சின் மறுக்கமாட்டார்.

வேலை இதுதான். பாதையின் வரைபடத்தின் மேல் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கட்டங்கள் போட வேண்டும். நடக்கிற திசையிலேயே அவற்றுக்கு எண் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு புள்ளி என்றால் பௌர்ணமியன்று பாதையில் மயங்கி விழுந்த ஒரு ஆள். முதலுதவி முகாம்களில் உட்கார்ந்திருக்கும் தொண்டர்கள் போனில் ஒரு படிவத்தை நிரப்புவார்கள். பெயர், வயது, நேரம். இடத்தை மட்டும் அவர்கள் நிரப்ப வேண்டாம், போனே போட்டுக்கொள்ளும். கையால் எண்ணினால் ஒரு நாள் போகும், இரண்டு தப்பு வரும். மொஹ்சின் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட், ஒரு தும்மல் போடும் நேரத்தில் எண்ணி, கட்டங்களுக்கு நிறமும் அடித்துக் காட்டிவிடும். பூஜ்யம் என்றால் வெள்ளை. எண்ணிக்கை ஏற ஏறச் சிவப்பு. அது தப்பே செய்யாது. இந்தக் கதையில் அதுதான் சிக்கல்.

புள்ளிகள் வெயிலில் கிடைக்கும், எண்ணுவது நிழலில் நடக்கும். வெயில் பாகத்துக்கு அதே ஆபீஸில் தருமன் இருந்தார். விவசாயக் குடும்பம், நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, அடுத்தவன் நிலத்தை அளக்க வந்தவர். கையில் ஒரு கருவியோடு கிராமம் கிராமமாகப் போய்க் கிணறு, கால்வாய், மின்கம்பம் எல்லாவற்றையும் புள்ளியாக எடுத்து வருவார். அவர் எடுப்பார், இவர் எண்ணுவார். இரண்டு பேருக்கும் ஒரே பைக். ஓட்டுவது மொஹ்சின், பின்னால் தருமன். பன்னிரண்டு வருஷம்.

"பாயி, நான் எடுத்தாந்து குடுக்கலைனா நீ எதை எண்ணுவ? உன் வெரலையா?"

"நான் எண்ணலைனா நீ ஊர்மேயறவன்னு பேரு வாங்கியிருப்ப."

தினமும் இதே பேச்சுதான். தினமும் சிரிப்பார்கள்.

போன வருஷம் சித்ரா பௌர்ணமிக்குத் தருமன் நடக்கப் போனார். வெயில் தாங்காது என்று மொஹ்சினின் குடையை வாங்கிக்கொண்டு போனார். புது வருஷத்துக்கு ஆபீஸில் கொடுத்த நீலக் குடை. ஒரு கம்பி கழன்று, மொஹ்சின் அதை ஊக்கு போட்டுக் கட்டியிருந்தார். சாயங்காலம் ஐந்தே காலுக்கு, ஆபீஸில் இருந்த மொஹ்சினுக்குப் போன் வந்தது.

"பாயி, எங்கடா இருக்க?"

"எங்க இருப்பேன், நாற்காலிலதான். நீ எங்க?"

"அடி அண்ணாமலைகிட்ட வந்துட்டேன். மூச்சு ஜாஸ்தியா வாங்குது. உக்காந்துட்டேன். கேம்ப் எங்க இருக்குனு பாத்துச் சொல்லு. இரு, எடத்த அனுப்புறேன்."

இடம் வந்தது. மொஹ்சின் திரையில் பார்த்தார். தருமன் உட்கார்ந்திருந்தது தொண்ணூற்றொன்றாம் கட்டம். பின்னால் நூற்றைம்பது மீட்டரில் ஒரு முகாம். முன்னால் அறுநூறு மீட்டரில் இன்னொரு முகாம்.

பின்னாடி என்ற சொல் நாக்கு வரை வந்தது. மலையைச் சுற்றுகிறவர்கள் திரும்பி நடக்கமாட்டார்கள். மலை எப்போதும் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு முறை டீக்கடையில் தருமனே சொல்லியிருக்கிறார்: "ஒரு அடி பின்னாடி வச்சாலும் சுத்து போச்சுடா." ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தவனைத் திரும்பு என்று எப்படிச் சொல்வது? அதுவும் யார் சொல்வது? ஒரு பாய் பேச்சைக் கேட்டுச் சுற்றைக் கெடுத்துக்கொண்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால்? மொஹ்சினிடம் எத்தனையோ குறை உண்டு, மரியாதைக்குக் குறையில்லை.

"முன்னாடி போ. அறுநூறு மீட்டர். மெதுவா போ."

"சரிடா. உன் குடை பத்திரமா இருக்கு. நாளைக்குத் தரேன்."

ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. போனில் அந்த அழைப்பு இன்னும் இருக்கிறது.

தருமன் எழுந்து சில அடி நடந்து விழுந்தார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அறுநூறு மீட்டர் தாண்டிய முகாமில் கிடத்தும்போது உயிர் இல்லை. அந்த முகாமின் தொண்டர் தன் போனில் படிவத்தை நிரப்பினார். புள்ளி எண் 137. இடத்தைப் போன் போட்டுக்கொண்டது. தொண்ணூற்றேழாம் கட்டம்.

காரியம் முடிந்த பிறகு மொஹ்சின் தருமனின் மனைவி வினோதினியிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். பின்னால் இருந்த முகாமைப் பற்றியும் சொன்னார்.

"நீங்க திரும்பிப் போனு சொல்லியிருந்தாலும் அவரு போயிருக்க மாட்டாருங்கண்ணா. உங்களுக்குத் தெரியாதா அவர?"

மொஹ்சின் அடுத்த பதினோரு மாதம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பிழைத்தார். பைக்கில் மட்டும் ஒரு பழக்கம் போகவில்லை. பெட்ரோல் டேங்கை ஒட்டி, முன்னால் தள்ளித்தான் உட்காருவார். மனைவி நூரைன் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டாள்.

"பின்னால யாருக்கு இவ்ளோ எடம் விட்டிருக்கீங்க?"

"யாருக்கும் இல்ல."

"நான் ஏறினாகூட இவ்ளோ நவுர மாட்டீங்களே."

பங்குனியில் கலெக்டர் ஆபீஸிலிருந்து புது வேலை வந்தது. வரும் சித்ரா பௌர்ணமிக்கு ஆம்புலன்ஸோடு கூடுதலாக ஒரே ஒரு முகாம். எங்கே போடலாம் என்று கடந்த இரண்டு வருஷப் புள்ளிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டத்தில் எண்ணிக்கை ஜாஸ்தியோ அங்கே போடுவார்கள். வெள்ளிக்கிழமை அட்டவணை போயாக வேண்டும். ஆபீஸின் மேலாளர் அருணாதேவி மேடம் திங்கட்கிழமையே நினைவூட்டினார்.

மொஹ்சின் ஸ்கிரிப்டை ஓட்டினார். மொத்தப் புள்ளி 214. முகாம் இருந்த கட்டங்களெல்லாம் சிவந்திருந்தன. தொண்ணூற்றேழில் நாற்பத்தொன்று, அடர்சிவப்பு. முகாம் இல்லாத கட்டங்கள் பெரும்பாலும் வெள்ளை. ஆக, ஜனங்கள் முகாம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்கே போய்ச் சேர்ந்து, அதன் பிறகே மயங்கி விழுகிறார்கள் என்று ஆனது. முகாம்களைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டுமா?

தொண்ணூற்றொன்றில் பூஜ்யம்.

முதலில் ஸ்கிரிப்டைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேலேயே ஒரு புள்ளி விழுந்தால் சில சமயம் இரண்டிலும் சேராமல் போகும். எல்லாக் கட்டங்களையும் கூட்டிப் பார்த்தார். 214. சரியாக இருந்தது. கட்டங்களைச் சிறிதாக்கி ஓட்டினார், பெரிதாக்கி ஓட்டினார். அன்றைக்கு மட்டும் நாற்பது தடவை ஓட்டியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையில் வரிசையாக எண்கள் இறங்கும்; தொண்ணூற்றொன்று வரும்போது பூஜ்யம். அந்த இடத்தில் யாரும் விழவில்லை. அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து மூச்சு வாங்கவில்லை. எங்கடா கேம்ப் என்று கேட்கவில்லை. நாற்பது தடவையும் கம்ப்யூட்டர் அதையே சொன்னது, நாற்பது தடவையும் மொஹ்சினின் காதில் அந்தக் குரல் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவர் ஒரு காரியம் செய்தார். புள்ளி 137-ஐப் பிடித்து, தருமன் போனில் அனுப்பிய இடத்துக்கு நகர்த்தினார். ஒரே ஒரு வரி. ஓட்டினார். தொண்ணூற்றொன்று: ஒன்று. வெள்ளைக் கட்டத்தில் வெளிறிய ரோஜா நிறம் ஏறியது. ஒரு நிமிஷம் அவருக்கு மூச்சு சீராக வந்தது. அப்புறம் கணக்குத் தெரிந்தவர்களுக்கு வருகிற புத்தி வந்தது. ஒன்றுக்கு முகாம் கிடைக்காது. தொண்ணூற்றேழில் மிச்சமிருக்கும் நாற்பதைத் தாண்ட வேண்டுமென்றால் இன்னும் நாற்பது பேரை அங்கே விழ வைக்க வேண்டும். பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு அந்தப் பொய் போதவில்லை. வரியை அழித்தார். தருமன் மறுபடி தொண்ணூற்றேழுக்குப் போய்ச் சேர்ந்தார்.

புதன்கிழமை காலை பைக்கைத் தொண்ணூற்றேழாம் கட்டத்தில், பௌர்ணமிதோறும் முகாம் போடும் காலி இடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். தூக்கிக்கொண்டு வந்தவர்களின் வழியைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. நாற்பத்து மூன்று வயதில் அந்தப் பாதையில் வைத்த முதல் அடியே எதிர்த்திசையில்.

அவருக்கு எந்த விதியும் கிடையாது. ஆனாலும் கால் கூசியது. எதிரே சில பேர் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இவரைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனார்கள். சாலையில் இடப்பக்கமாகப் போ என்று சின்ன வயதிலேயே படித்த பாடம், அதன்படி இடப்பக்கமே நடந்தார். அந்தத் திசையில் இடப்பக்கம் என்பது மலையை ஒட்டிய பக்கம். எதிர்ச்சாரியில், ஒரு வேப்பமரத்தடித் தள்ளுவண்டியிலிருந்து குரல் வந்தது.

"யோவ் பாய், இந்தப் பக்கம் வாங்க. அது நாம நடக்கிற பக்கம் இல்ல."

"யாரு நடக்கிற பக்கம்?"

"சித்தருங்க. கண்ணுக்குத் தெரியாதவங்க போற வழி அது. நீங்க இன்னான்னா எதிர்ல வேற வரீங்க. யார் மேலயாவது இடிச்சுக்கப் போறீங்க."

மொஹ்சின் சாலையைக் கடந்து போனார். எலுமிச்சை, சோடா, நீர்மோர். வியாபாரம் செய்யும் அம்மாள் பெயர் பச்சையம்மாள், ஊர் அடி அண்ணாமலை. கடை போட்டு இரண்டு வருஷம். மொஹ்சின் போனை எடுத்துப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தது தொண்ணூற்றொன்று.

"பௌர்ணமில இங்க யாராவது மயங்கி விழுந்திருக்காங்களாம்மா?"

"யாராவதா? மேடு ஏறி வர எடம், ஒரு நெழல் கெடையாது இந்த மரத்த விட்டா. இங்க வந்துதான் பொத்துனு உக்காருவாங்க. எழுந்திரிக்க மாட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, தூக்கினு போவாங்க."

"எந்தப் பக்கம்?"

பச்சையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல எந்தப் பக்கம் இருக்குது? முன்னாலதான். பின்னால தூக்கினு போனா அந்த ஆளு சுத்தும் போச்சு, தூக்கறவன் சுத்தும் போச்சு."

"எத்தன பேரு இருக்கும்?"

அவள் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர்கள். விழுந்தவர்கள் விட்டுப்போனவை. ஒருத்தருக்கு ஒரு கவர். திரும்பி வந்து கேட்பார்கள் என்று எடுத்து வைத்தாளாம். ஒருத்தரும் வரவில்லை. மொஹ்சின் அனுமதி கேட்டு எண்ணினார். கையால்தான். துண்டு ஒன்பது, தண்ணீர் பாட்டில் ஆறு, துணிப்பை நான்கு, மூக்குக்கண்ணாடி இரண்டு, ருத்ராட்ச மாலை ஒன்று, விசிறி ஒன்று. கடைசிக் கவர் நீளமாக இருந்தது. முடிச்சுப் போட முடியாமல் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீலக் குடை. ஒரு கம்பியில் ஊக்கு.

இருபத்து நான்கு.

"இது என் குடை," என்றார் மொஹ்சின்.

"உங்களுதா? அந்தக் குடைக்காரரு பாவம், நல்ல மனுசன். இங்கதான் உக்காந்தாரு. பின்னால கிட்டவே கேம்ப் இருக்குது, வாங்க கூட்டினு போறேன்னு நானே சொன்னேன். சரிம்மானு எழுந்தாரு. மூச்சு வாங்கிச்சு, மறுபடி உக்காந்து, எதுக்கும் கேட்டுக்கறேன்னு யாருக்கோ போன் போட்டாரு. பேசிட்டு, வேணாம்மா, எங்க ஆளு மேப்பப் பாத்துட்டு முன்னாலதான் கிட்டனு சொல்றான், அவன் சொன்னா சரியா இருக்கும்னாரு."

மொஹ்சின் குடையைக் கவருக்குள் திரும்பச் செருகினார்.

"யாரு அந்தக் கம்னாட்டினு தெரியல," என்றாள் பச்சையம்மாள். "சோடா போடவா?"

"போடும்மா."

குடித்தார். குடித்துத்தான் ஆக வேண்டும். பதினோரு மாதமாக அவரை நிறுத்தி வைத்திருந்த அந்த ஒரு வாக்கியம் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உடைந்து கிடந்தது. தருமன் திரும்பியிருப்பார். எழுந்தேவிட்டிருந்தார். சுற்றைக் காப்பாற்ற நினைத்தது தருமனல்ல, சுற்றே நடக்காத மொஹ்சின்.

வினோதினியிடம் இதைச் சொல்லவில்லை. அந்த அம்மாளும் அதே வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறார். அதைப் பிடுங்க இவருக்கு என்ன உரிமை?

வியாழக்கிழமை அருணாதேவி மேடத்தின் மேஜையில் அட்டவணையை வைத்தார். கூடவே ஒரு பக்கம் குறிப்பு.

"தொண்ணூத்தேழுல இருக்கறதுல இருபத்து நாலு தொண்ணூத்தொண்ணுல விழுந்ததுங்கறீங்க," என்றார் மேடம். "ஆதாரம்?"

"ஒரு சாக்கு, மேடம்."

"சாக்கு."

"இருபத்து நாலு கவர். படம் எடுத்து வச்சிருக்கேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா நூத்தம்பது மீட்டர் பின்னாலயே ஒரு கேம்ப் இருக்கே. பக்கத்துல பக்கத்துல ரெண்டு எதுக்குனு கேப்பாங்களே?"

"அது நமக்கு நூத்தம்பது மீட்டர் மேடம். நடக்கறவங்களுக்கு அது பின்னால இல்ல, முன்னால. பதிமூணு கிலோமீட்டர் எண்ணூத்தம்பது மீட்டர் முன்னால."

மேடம் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவரும் மாதம் ஒரு முறை நடக்கிறவர்தான். மூன்று வருஷம் முன்னால், கால் சுளுக்கிய தங்கையை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நொண்ட வைத்துக் கூட்டிப் போனவர். பின்னால் ஒரு முகாம் இருந்தது அவருக்கும் அப்போது நினைவுக்கு வந்ததில்லை.

"கவர்ல அட்சரேகை தீர்க்கரேகையெல்லாம் இருக்காது. ஒண்ணே ஒண்ணுக்காவது சரியான இடம் இருந்தா நான் இதை வாதாடுவேன்."

"ஒண்ணுக்கு இருக்கு," என்று மொஹ்சின் போனை நீட்டினார். தருமன் அனுப்பிய இடம். அதற்குக் கீழே அழைப்பு, ஐந்தே கால் மணி.

மேடம் வெகுநேரம் பார்த்தார். தருமனை அவருக்கும் தெரியும். குறிப்பைத் திருப்பிப் படித்தார். "அருகிலுள்ள முகாம் எது என்று கேட்டார். முன்னால் செல்லச் சொன்னதால் அவ்வாறே சென்றார்." பேனாவை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

"யாரு சொன்னாங்கனு கேப்பாங்க, மொஹ்சின். பேரு இல்லாட்டி இது வெறும் பேச்சுனு தள்ளிடுவாங்க. போடணும்னு நான் சொல்லல. உங்க வேலையே வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. அதையும் யோசிச்சுக்கங்க."

மொஹ்சின் பேனாவை வாங்கினார். பெயர், வரைபடப் பிரிவு, தற்காலிகம் என்று எழுதினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் பெயர் ஓர் அறிக்கையில் வந்தது அதுதான் முதல் தடவை.

முகாம் தொண்ணூற்றொன்றில் வந்தது. வேப்பமரத்தடியிலேயே பந்தல், வாசலில் ஆம்புலன்ஸ். இலவச நீர்மோர் கொடுத்துத் தன் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பச்சையம்மாளுக்குக் கோபம். சாக்கைத் தொண்டர்களிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டாள். பொருளை விட்டுப்போனவர்கள் வந்தால் தன்னிடம்தானே கேட்பார்கள் என்றாள். குடையை மட்டும் மொஹ்சினிடம் கொடுத்தாள்.

சித்ரா பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் புது எண்ணிக்கை. மொஹ்சின் ஓட்டினார். தொண்ணூற்றேழு: ஒன்று. தொண்ணூற்றொன்று: பதினொன்று. பதினொரு பேரும் பிழைத்திருந்தார்கள். வெள்ளையாக இருந்த கட்டம் நல்ல சிவப்பாகியிருந்தது. அருணாதேவி மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இப்ப நிம்மதிதான?"

மொஹ்சின் திரையில் விரலை வைத்தார். "தொண்ணூறுல பூஜ்யம் வந்திருக்கு, மேடம்."

"நல்லதுதான. யாரும் விழல."

மொஹ்சின் விரலைத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு நகர்த்தினார். மேடமும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலிருந்தும் அந்த நிம்மதி போயிற்று. தொண்ணூறில் விழுந்தவர்களை எங்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

மொஹ்சின் மேஜையடியிலிருந்த நீலக் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பைக்கின் பின் இருக்கையில் அதைப் படுக்க வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். ஏறி, வழக்கம்போல டேங்கை ஒட்டி முன்னால் தள்ளி உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்றில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொண்ணூறு வரை பின்னோக்கி நடக்க வேண்டும். இந்தத் தடவை மலையை ஒட்டிய பக்கம் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நடக்கிறவர்களில் இப்போது தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் இருக்கலாம். இடித்துக்கொண்டால், எந்தப் பக்கம் போகட்டும் என்று மறுபடி கேட்பார்.